டீச்சர்மாரும் ரெக்கெட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. தவணைப் பரீட்சைப் பேப்பர்க் கட்டை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டுத்தான் எழுதுகிறோம். "நாங்கள்" என்று எழுதுவது மரியாதைக்காக இல்லை. உண்மையிலேயே நாங்கள் ஏழு பேர், மூன்று பாடசாலைகளில் படிப்பிக்கிற ஆசிரியைகள். ஆக இளையவருக்கு 31 வயது, மூத்தவருக்கு 52. எழுத்து ஒருவருடையது, திருத்தம் ஆறு பேருடையது. ஏழு டீச்சர்மார் திருத்தினால் ஒரு பதிவு எவ்வளவு நீளும் என்பது உங்களுக்கே விளங்கும்.

ஒன்பது வருஷமாகக் கிழமைக்கு மூன்று நாள் நாங்கள் பெட்மின்டன் விளையாடுகிறோம். எங்களில் ஒருவருடைய வளவில், நாலு பக்கமும் மதில் கட்டிய இடத்தில். இது ஊருக்கு ரகசியமும் இல்லை, விளம்பரமும் இல்லை. மதிலைத் தாண்டி ஷட்டில் விழும்போது எடுத்து எறிகிற பக்கத்து வீட்டுப் பொடியன்மாருக்குத் தெரியும், அவர்களின் உம்மாமாருக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் "நீங்கதானே அந்தப் பந்தடிக்கிற டீச்சர்" என்று கேட்கிற அளவுக்கு மற்றவர்களுக்கும் தெரியும்.

இப்போது ஏன் எழுதுகிறோம் என்றால், ஊரில் உள்ளக அரங்கு திறக்கப்போகிறார்கள். கூரை முடிந்துவிட்டது, தரைக்குக் கோடு போடுகிற வேலைதான் மிச்சம் என்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல விஷயம். யார் எந்த நேரம் பாவிப்பது என்று ஒரு பட்டியல் தயாராகி, போனுக்குப் போன் தாவி எங்களுக்கும் வந்து சேர்ந்தது. ஏழு நாளும், பின்னேரம் நாலு மணி தொடங்கி இரவு பதினொரு மணி வரை கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். கழகங்கள் இருக்கின்றன. வங்கியில் வேலை செய்பவர்கள், கடைக்காரர்கள், ஆண் ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். பெண்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. வேண்டுமென்று விட்டார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். ஞாபகப்படுத்தத்தான் இந்தப் பதிவு.

எங்களிடம் எப்போதும் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. "இவ்வளவு வேலைக்குள்ள நேரம் எங்கால?" என்பது ஒன்று. "இந்த வயசில இது தேவையா?" என்பது மற்றது. வயசுக் கேள்வியை முதலில் எடுக்கிறோம்.

உலக பெட்மின்டன் சம்மேளனம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூத்தோருக்கான உலகப் போட்டி ஒன்றை நடத்துகிறது. அதில் சேர ஆகக் குறைந்த வயது 35. அங்கிருந்து ஐந்து ஐந்து வயதாகப் பிரிவுகள் ஏறிப்போகும். 75 வயது தாண்டியவர்களுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. அவர்களின் கணக்கில் 35 என்பது வாசற்படி. எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை ரெக்கெட்டைக் கீழே வைப்பது 15 வயதில். சாதாரண தரப் பரீட்சை வருகிறது என்று வைப்பாள். பிறகு உயர் தரம், பிறகு கல்யாணம், பிறகு பிள்ளை, பிறகு வேலை, பிறகு கிளினிக் கொப்பி. இடையில் யாரும் அவளைப் பார்த்து "இனி விளையாடாதே" என்று சொல்வதில்லை. சொல்லாமலே அது நடந்து முடிந்துவிடும்.

எங்களில் நாலு பேருக்கு அது திரும்பக் கிடைத்தது ஆசிரியர் கலாசாலையில். இரண்டு வருஷ விடுதி வாழ்க்கை. பயிற்சி வகுப்புகள், ஒப்படைகள், கற்பித்தல் சாதனங்கள் செய்கிறோம் என்று பிரிஸ்டல் போர்ட்டும் பசையுமாக விடிகிற இரவுகள். பின்னேரத்தில் விடுதி முற்றத்தில் மாமரத்துக்கும் உடுப்புக் காயவிடுகிற கம்பத்துக்கும் இடையில் ஒரு நெட். யாரோ ஒருவர் விட்டுப்போன நாலு ரெக்கெட், அதில் ஒன்றுக்கு நரம்பு அறுந்திருந்தது. வேலையில் இருந்துகொண்டே பயிற்சிக்கு வந்தவர்கள், கைப்பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர்கள், பத்து வருஷமாக ஓடாதவர்கள் எல்லாரும் அந்த முற்றத்தில் ஓடினார்கள். கலாசாலையில் படித்த கல்வி உளவியலில் எவ்வளவு இன்றைக்கு ஞாபகம் இருக்கிறது என்று யாரும் கேட்காதவரை நல்லது. அந்த முற்றம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஏன் பெட்மின்டன், ஏன் வேறு இல்லை? இடத்துக்காகத்தான். வலைப்பந்துக்குப் பதினாலு பேரும் ஒரு மைதானமும் வேண்டும். ஒரே நாளில் பதினாலு ஆசிரியைகளுக்கு ஓய்வு கிடைப்பது கியாமத் நாளுக்குக் கிட்டத்தான். பெட்மின்டனுக்கு நாலு பேர் போதும், வராவிட்டால் இரண்டு பேரும் போதும். கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். பேர்ச்சில் கணக்குப் பார்த்தால் மூன்றேகால் பேர்ச்சுக்குள் அடங்கிவிடும். சீதன வளவைப் பேர்ச் பேர்ச்சாகப் பேசித் தீர்த்த ஊரில் இந்தக் கணக்கை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மதில் கட்டிய ஒரு வளவில் மாமரத்தைத் தறிக்காமல் ஒரு கோர்ட் போடலாம். பெண்கள் தங்கள் இடத்தில், தங்கள் உடுப்பில், தங்கள் பாட்டில் விளையாடக்கூடிய ஆட்டம் இதைவிட வசதியாக வேறொன்று எங்களுக்குத் தெரியவில்லை.

இனி நேரம்.

பாடசாலை 7.30 முதல் 1.30 வரை. எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். யாராவது லீவு என்றால் அந்த வகுப்புக்கும் நாங்கள்தான். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு "ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வாற உத்தியோகம்". பாடக்குறிப்பு, பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளி, 42 பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பி, புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு, "இன்றைக்கே அனுப்பவும்" என்று இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் விழுகிற படிவம். இவை எல்லாம் ஒன்றரை மணிக்குப் பிறகு ஆரம்பிப்பவை. இதற்கு முன்னால் சுபஹுக்கு எழும்பிச் சமைத்தது கணக்கில் இல்லை. ஆறு பாடவேளை நின்றால் கால் வீங்கும், தொண்டை கட்டும். "நாள் முழுக்க நிக்கிறீங்கதானே, அதுவே எக்ஸசைஸ்தானே" என்பார்கள். நிற்பது உடற்பயிற்சி இல்லை. நிற்பது நிற்பதுதான். நரம்புச் சுருட்டு வந்த எங்கள் மூத்த டீச்சர்மாரைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இதற்குள் நேரம் "கிடைக்கும்" என்று காத்திருந்தால் ஓய்வூதியம்தான் முதலில் கிடைக்கும். நேரசூசியில் ஒரு பாடவேளையை எப்படிப் போடுகிறோமோ அப்படிப் போட்டுவிட வேண்டும். திங்கள், புதன் பின்னேரம் 4.30 முதல் 5.20 வரை. சனிக்கிழமை காலை 6.15 முதல் 7.05 வரை. மூன்று ஐம்பது, நூற்றைம்பது நிமிடம். உலக சுகாதார நிறுவனம் ஒரு வயது வந்தவருக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் நடுத்தர அளவு உடலசைவு வேண்டும் என்கிறது. அதைப் பார்த்து நாங்கள் நேரம் போடவில்லை. அஸரையும் மஃரிபையும் பார்த்துப் போட்டோம், கணக்கு பொருந்திவிட்டது. நவம்பரில் மஃரிப் முந்திவிடும். அப்போதும் 5.20க்கு முடித்தால் பாங்குக்கு முன்னால் வீட்டுக்குப் போய், முகம் கழுவி, அடுப்பில் தேத்தண்ணி வைக்கலாம்.

ஐம்பது நிமிடம் என்றால் ஐம்பது நிமிடம்தான். ஆட்டம் 19க்கு 19 என்று நின்றாலும் நிறுத்திவிடுவோம். இந்தச் சட்டத்தால் ஒன்பது வருஷமாகத் தீராத வழக்குகள் சில இருக்கின்றன. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் வார்த்தையில் நம்பிக்கை இருப்பதும் இந்தச் சட்டத்தால்தான். இன்னொன்று, பேப்பர் திருத்துகிற கிழமைகளில் மூன்று நாள் ஒரு நாளாகும். பூச்சியம் மட்டும் ஆகாது. ஒரு நாள் விளையாடினால் அடுத்த கிழமை திரும்பி வருவீர்கள். பூச்சியமானால் வரமாட்டீர்கள். எங்களோடு தொடங்கிப் பிறகு நின்றுபோன நாலைந்து பேரும் அப்படித்தான் நின்றார்கள். சண்டை பிடித்துக்கொண்டு யாரும் போகவில்லை, ஒரு தவணை வராமல் இருந்தார்கள், அத்தோடு சரி. ரமழானில் நாங்கள் விளையாடுவதில்லை. ஷவ்வாலில் முதல் நாள் எங்கள் ஆட்டத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

டியூசன் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னேரம் நாலரை மணி என்பது டியூசனின் பொன்னான நேரம். எங்களில் இரண்டு பேர் அந்த இரண்டு நாளும் வகுப்பு எடுப்பதில்லை. அதற்கு மாதம் எவ்வளவு போகிறது என்று அவர்களுக்குச் சதக் கணக்கில் தெரியும். ஆசிரியர் சம்பளத்தை வைத்துக்கொண்டு வீடு கட்டுகிறவருக்கு, பிள்ளையைக் கம்பஸுக்கு அனுப்பியவருக்கு "காசை விட்டுட்டு வந்து விளையாடுங்க" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. முடிந்தவர்கள் விடுகிறார்கள். முடியாதவர்கள் சனிக்கிழமை மட்டும் வருகிறார்கள். அவர்களும் எங்களில் உள்ளவர்கள்தான்.

இந்த ஐம்பது நிமிடத்தின் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே ஒவ்வொரு டீச்சருக்கும் பக்கத்திலே ஓர் உம்மா இருக்கிறார், அல்லது அடுத்த வளவில் ஒரு ராத்தா இருக்கிறார். பிள்ளைகளைப் பார்ப்பது அவர்கள். கிழக்கிலங்கையில் பெண்கள் இவ்வளவு பேர் வேலைக்குப் போவதற்குப் பின்னால் உள்ள பெரிய ஏற்பாடு இந்த உம்மாமார்தான், இதை எந்த அறிக்கையிலும் நாங்கள் வாசிக்கவில்லை. காலையில் ஆறு மணித்தியாலம் பேரப்பிள்ளையைப் பார்த்த உம்மாவிடம் பின்னேரமும் விட்டுவிட்டு வந்தால், மகளின் முழங்காலைக் காப்பாற்ற உம்மாவின் முழங்கால் தேய்கிறது. அதனால் பிள்ளைகள் எங்களோடு வருகிறார்கள். வளவின் ஒரு மூலை அவர்களுக்கு. மண் விளையாடுவார்கள், சண்டை பிடிப்பார்கள், ஷட்டில் பொறுக்கித் தருவார்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று புள்ளி எண்ணப் பழகியது அங்கேதான். சில நாள் உம்மாமாரும் வந்து கதிரை போட்டிருப்பார்கள். விளையாட்டைப் பற்றி அவர்கள் சொல்லும் விமர்சனம் ரூபவாஹினியில் கூடக் கேட்க முடியாது.

மாப்பிள்ளைமாரைப் பற்றி அதிகம் எழுதினால் வீட்டில் வாசிப்பார்கள். கிழமைக்கு இரண்டு பின்னேரம் தேத்தண்ணியைத் தாங்களே ஊற்றிக் குடிக்கிறார்கள் என்பதோடு விடுகிறோம். அவர்களில் மூன்று பேர் இஷாவுக்குப் பிறகு ரோட்டோரக் கோர்ட்டில் லைட் போட்டு ஒன்பதரை வரைக்கும் விளையாடுகிறவர்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி நாங்கள் ஊற்றுகிறோம். கணக்கு சரி.

உடம்புக்கு நல்லதா என்று கேட்டால், ஆய்வுகள் சொல்வதை முதலில் சொல்கிறோம். டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தில் 8,577 பேரை 25 வருஷம் வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. உடலசைவே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் டெனிஸ் விளையாடியவர்கள் 9.7 வருஷமும், பெட்மின்டன் விளையாடியவர்கள் 6.2 வருஷமும் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பது அதன் கணக்கு. உதைபந்தாட்டத்துக்கு 4.7, நீச்சலுக்கு 3.4, மெல்லோட்டத்துக்கு 3.2, ஜிம் வகைப் பயிற்சிகளுக்கு 1.5. பிரித்தானியாவில் 80,306 பேரை வைத்து 2016இல் வெளிவந்த இன்னோர் ஆய்விலும் ரெக்கெட் விளையாட்டுக்காரர்களின் இறப்பு வீதம் மற்றவர்களைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தது.

கணித டீச்சர் ஒருவர் எங்களோடு இருப்பதால் இதை அப்படியே விழுங்க முடியவில்லை. ரெக்கெட் பிடிக்கிறவர்கள் பொதுவாக வசதியுள்ளவர்கள், ஏற்கெனவே சுகதேகிகள், அதனால்கூட நீண்ட காலம் வாழ்ந்திருக்கலாம். விளையாட்டுத்தான் காரணம் என்று நிரூபித்துவிட்டோம் என அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன ஓர் ஊகம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆக மேலே நிற்கும் ஆட்டங்கள் எல்லாம் இன்னோர் ஆள் இல்லாமல் விளையாட முடியாதவை. தனியே ஓடலாம், தனியே நீந்தலாம், தனியே ஜிம்முக்குப் போகலாம். நெட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் பெட்மின்டன் இல்லை.

டொக்டர்மார் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எழுதுகிற மருந்து "வோக்கிங் போங்க". சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் சம்பந்திமார் மாதிரிச் சேர்ந்தே வீட்டுக்கு வருகிற காலத்தில் அது நல்ல ஆலோசனைதான். சுபஹுக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் நடக்கிறவர்களைப் பார்த்தால் எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் நடையை விடுவது லேசு. மழை பெய்தால் விடலாம், கால் வலித்தால் விடலாம், மனசு சரியில்லை என்றும் விடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். நாலு பேர் ஆட்டத்தில் ஒருவர் வராவிட்டால் மூன்று பேர் போன் எடுப்பார்கள். எங்களில் ஒருவர் வாப்பாவைப் பறிகொடுத்து இரண்டு மாதம் யாரோடும் கதைக்காமல் இருந்தார். அவரை வளவுக்குக் கூட்டிவந்தது புத்திமதி இல்லை. "நாலாவது ஆள் இல்ல, வாங்க" என்று சொன்னோம். வந்தார். ஒன்றும் கதைக்கவில்லை, விளையாடினார். மூன்றாவது கிழமைதான் கதைத்தார்.

உடுப்பைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2011இல் உலக பெட்மின்டன் சம்மேளனமே உயர்மட்டப் போட்டிகளில் பெண்கள் பாவாடை அணிய வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. ஆட்டத்துக்குக் கவர்ச்சி சேர்க்கிறார்களாம். உலகம் முழுக்க எதிர்ப்பு வந்தது, முஸ்லிம் நாடுகளில் இருந்து மட்டும் இல்லை. 2012இல் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈரானைச் சேர்ந்த ஸொரையா அகாயி தலையை மூடி, கைகால் மூடிய உடுப்போடு விளையாடி ஒரு போட்டியில் வெற்றியும் பெற்றார். எதிரே நின்றவர் மாலைதீவுப் பெண். ஆகவே உடுப்பு ஆட்டத்துக்குத் தடை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரேயொரு எச்சரிக்கை, ஸ்கார்ஃபுக்கு ஊசி குத்திக்கொண்டு விளையாட வராதீர்கள். ஊசியில்லாமல் போடுகிற வகையைப் போடுங்கள்.

நாங்கள் ஃபத்வா சொல்ல வரவில்லை, அது எங்கள் வேலை இல்லை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி ஓடிய செய்தி மத்ரஸாவில் படித்த எல்லாருக்கும் தெரியும். முதல் தடவை ஆயிஷா நாயகி வென்றார்கள். காலம் சென்று, உடம்பு வைத்த பிறகு இரண்டாவது தடவையும் ஓடினார்கள். இந்த இரண்டாவது ஓட்டத்தைத்தான் நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்வது. உடம்பு வைத்த பிறகும் ஓடியிருக்கிறார்கள்.

இந்த வயதில் எப்படி விளையாடுவது என்பது தனிக் கலை. பத்தொன்பது வயதில் விளையாடியதை முப்பத்தைந்தில் விளையாடப் போனால் உடம்பு கணக்குக் கேட்கும். குதிக்காலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாண் அறுவது இந்த ஆட்டத்தில் முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்குத்தான் அதிகம் நடக்கிறது. கிழமை முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு நேரே வந்து ஸ்மாஷுக்குப் பாய்வதால். எங்களுக்கு முதல் பத்து நிமிடம் ஆட்டமே இல்லை. நடை, கைகால் சுழற்றல், நெட்டுக்குக் கிட்ட நின்று மெதுவாகத் தட்டுதல். ஒற்றையர் ஆட்டம் விளையாடுவதில்லை, இரட்டையர்தான். முன்னால் நிற்கிறவர் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது, ஜோடியின் அடி கண்ணில் விழும். சீமெந்துத் தரையில் பாட்டா செருப்போடு விளையாடுவதை முதல் மாதமே தடைசெய்தோம். நல்ல ரெக்கெட்டைவிட நல்ல சப்பாத்து முக்கியம். ரெக்கெட் இரவல் வாங்கலாம், முழங்கால் இரவல் வாங்க முடியாது.

திறந்த வளவில் பெரிய எதிரி காற்று. மே மாதம் பிறந்து கச்சான் அடிக்கத் தொடங்கினால் ஷட்டில் எங்களுக்குக் கட்டுப்படாது. இறகு ஷட்டில் ஐந்து கிராம் அளவுதான் நிறை, மேலே எறிந்தால் பக்கத்து வளவில் இறங்கும். அதனால் நைலோன்தான் எங்களுக்குச் சரி. எங்கள் வெக்கைக்குப் பச்சைப் பட்டி போட்ட மெதுவான வகையை வாங்குங்கள், சிவப்பு வேகமாகப் பறக்கும். கச்சான் காலத்தில் பாதி நாட்கள் கையால் நெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்திருக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் மழை. வருஷத்தில் ஒழுங்காக விளையாடக் கிடைப்பது ஐந்தாறு மாதம்தான். உள்ளக அரங்கில் எங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்பதன் முதல் காரணம் இதுதான், வேறு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. ரோட்டோரக் கோர்ட்டுகள் எல்லாம் இருண்டுபோயின. நாங்கள் பகலில் விளையாடுகிறவர்கள் என்பதால் ஆட்டம் நிற்கவில்லை. ஷட்டில்தான் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கேட்டுத் திரும்பி வரலாம். பாவாடை கிழிந்த நைலோன் ஷட்டிலை நூலால் கட்டி விளையாடினோம். எரிபொருள் இல்லாமல் ஜூன், ஜூலையில் பாடசாலைகள் மூடியபோது சைக்கிளில் வந்து விளையாடினோம். அரிசி விலையையும் காஸ் வரிசையையும் பற்றிக் கதைத்துக்கொண்டே விளையாடினோம். அந்த வருஷம் எங்களைப் பைத்தியம் பிடிக்காமல் காத்ததில் இதற்கும் பங்கு இருக்கிறது.

இனி, எங்களுக்கு இதில் ஆகப் பெரிய விஷயம். எங்கள் வகுப்புகளில் தரம் 6இல் ஓடுகிற பிள்ளைகள் தரம் 9இல் ஓடுவதில்லை. உடற்கல்விப் பாடவேளையில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். கேட்டால் "டீச்சர், வெக்கமா இருக்கு" என்னும், அல்லது "கணக்கு செய்யணும்" என்னும். உம்மாமார் "ஸ்போர்ட்ஸ் செய்தா சேட்டிபிக்கட் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். பாடசாலைகளும் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. வலய மட்டம், மாகாண மட்டம், அதற்கு மேலே போகாவிட்டால் விளையாட்டு வீண். மாகாணத்துக்குப் போகிற பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். மற்றப் பிள்ளைகளுக்கும் உடம்பு இருக்கிறது, 40 வயது வரும், 60 வயதும் வரும். அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டு நல்லது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிரயோசனம் இல்லை. தாலிப்பிள்ளை பெற்ற, கொப்பி திருத்துகிற, கறி சமைக்கிற ஒரு பெரிய பெண் ரெக்கெட்டோடு நடந்துபோவதை அவர்கள் பார்க்க வேண்டும். பக்கத்து வளவில் இருந்து தரம் 10 படிக்கிற ஒரு பிள்ளை போன வருஷம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது சனிக்கிழமைகளில் எங்களோடு விளையாடுகிறது. எங்களில் மூன்று பேரைச் சுகமாக வெல்கிறது, அதைப் பாடசாலையில் சொல்லியும் திரிகிறது. பரீட்சைக்கு முந்திய மாதம் அவள் உம்மா வந்து "நிப்பாட்டட்டா டீச்சர்?" என்று கேட்டார். "ஒரு நாள் மட்டும் அனுப்புங்க, நிப்பாட்ட வேணாம்" என்றோம். அனுப்பினார்.

அரங்கு விஷயத்துக்கு வருகிறோம். எங்கள் வேண்டுகோள் சிறியது. திங்கள், புதன் இரண்டு நாளும் பின்னேரம் 4.30 முதல் 5.30 வரை பெண்களுக்கு ஒதுக்குங்கள். அந்த நேரத்துக்குத் திறப்பு ஒரு பெண்ணின் கையில் இருக்கட்டும். சாலைப் பக்க ஜன்னல்களுக்குத் திரை போட வேண்டும், திரைத்துணியை நாங்கள் வாங்கித் தருகிறோம். மற்றவர்களுக்கு என்ன கட்டணமோ எங்களுக்கும் அதுவே. இலவசம் கேட்கவில்லை. இரவு நேரத்தில் ஒரு நிமிடமும் கேட்கவில்லை. பட்டியலில் அந்த இரண்டு கட்டங்களிலும் இருப்பவர்கள் இஷாவுக்குப் பிறகும் விளையாடக்கூடியவர்கள். எங்களால் அது முடியாது, அந்த நேரம் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"பெண்கள் வரமாட்டாங்க, ஹோல் சும்மா கிடக்கும்" என்று ஒரு சகோதரர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். மூன்று மாதம் தந்து பாருங்கள். வருகிறவர்களின் பெயரை நாங்களே இடாப்பு மாதிரி எழுதித் தருகிறோம். இடாப்பு எழுதுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஆள் குறைந்தால் நேரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களின் கழகங்களுக்கு இந்த நிபந்தனை போட்டதில்லை என்பதையும் சும்மா சொல்லிவைக்கிறோம்.

பட்டியலை முடிவாக்குகிற கூட்டம் வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு. எங்களுக்கு அழைப்பு இல்லை. போகிற வாப்பாமார், காக்காமார், மாப்பிள்ளைமார் இந்தப் பதிவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மேலே உள்ள பந்தியில் நாளும் மணியும் இருக்கிறது, அதை மட்டும் வாசித்தால் போதும்.

விளையாட வர விரும்பும் சகோதரிகள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். டீச்சராக இருக்க வேண்டும் என்று இல்லை. ரெக்கெட் வாங்க வேண்டாம், மேலதிகமாக நாலு இருக்கிறது. சப்பாத்து மட்டும் கொண்டுவாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிவரலாம். காற்று விட்டால் திங்கள் 4.30க்கு வளவில் இருப்போம்.